காய்ந்ததும் தெரிந்த கை

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் என் கடை. கார்களுக்கு பாலீஷ் போடுவதும், உடைந்த பம்பரை ஒட்டி பைபர் வேலை செய்வதும்தான் பிழைப்பு. கடையை ஒட்டிய காலி மனையில் ஒருநாள் லாரியிலிருந்து ஒரு மீன்பிடிப் படகை இறக்கினோம். தெருவே கூடி நின்று பார்த்தது. எங்கள் பக்கம் படகு வருவதென்றால் மழைக்காலத்தில்தான் வரும், இடுப்பளவு தண்ணீரில் ஆட்களை ஏற்றிப் போக. கத்திரி வெயிலில் வந்தது அதுதான் முதல் தடவை.

வாக்கிங் முடித்து வந்த எதிர்வீட்டு சார் நின்றுவிட்டார்.

"என்னப்பா, இந்த வருஷ மழைக்கு இப்பவே ரெடி ஆயிட்டியா?"

"தங்கச்சி வீட்டு போட் சார். பாலீஷுக்கு வந்திருக்கு."

"எங்க வீட்டுக்கு ரெண்டு சீட் போட்டு வை. போன தடவை மாதிரி மொட்டை மாடியில நின்னு கைய ஆட்ட என்னால ஆகாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் படகு எப்படிக் கரைக்குத் திரும்பியது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

என் தங்கையை நாங்கள் பிறந்த குப்பத்திலேயே கட்டிக் கொடுத்தோம். நாவலூரிலிருந்து நேர் கிழக்கே போனால் கடற்கரையோரம் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடலில் ஏறினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பேன். அதனால் தாம்பரம் பக்கம் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே குடும்பஸ்தன் ஆகிவிட்டேன். தங்கையின் புருஷன், என் மச்சான், கடலைவிட்டு ஒருநாளும் விலகாதவர். இந்த நீல பைபர் படகு அவர் வாங்கியது.

ஒருநாள் கூட வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். விரித்துவிட்டு வந்த வலையை எடுக்க விடியலில் தனியாகவே கிளம்பினார் மச்சான். மதியம் படகு மட்டும் வந்தது. குப்பத்துக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி, அலை அதைக் கொண்டுவந்து மணலில் சாய்த்திருந்தது. எஞ்சின் மேலே தூக்கிவிடப்பட்டிருந்தது. தூக்கு வாளியில் கஞ்சி ஒரு சொட்டும் சிந்தாமல் அப்படியே இருந்தது. அவரைத்தான் காணோம். எத்தனையோ படகுகள் எத்தனையோ நாள் தேடின. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காததால் தங்கை காரியம் செய்ய விடவில்லை. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாகவே இருந்தாள். தர்ப்பையில் உருவம் செய்து வைத்துச் சடங்கை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "நான் பாக்காதத நீங்க எப்டி பாத்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். படகு சவுக்குத் தோப்பு ஓரம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருஷக்கணக்காகக் கிடந்தது. 'ஆள எடுத்த போட்டு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. யாரும் ஏறவில்லை, விலைக்கும் கேட்கவில்லை. தங்கை மற்றவர்கள் படகில் வரும் மீனை வாங்கித் தலையில் சுமந்து விற்றாள். இரண்டு முழங்காலும் வீங்கிப் போனபிறகு அதுவும் முடியவில்லை.

படகு மறுபடி கடலுக்குப் போனால்தான் அவளுக்குச் சோறு. அதை ஓட்ட ஒரே ஆள் மச்சானின் தம்பி. அவனும் வேறு படகுகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் அவனே என் கடைக்கு வந்தான்.

"மச்சான், அத புது போட்டு மேரி ஆக்கிக் குடு. பாத்தா அது இது இல்லன்னு தோணணும். அப்போதான் ஏறுவேன். மத்த பசங்களையும் ஏத்துவேன்."

"கலர் மாத்தி பெயிண்ட் அடிச்சிடலாமா?"

அவன் தலையாட்டினான். ஆனால் அன்று சாயங்காலமே தங்கை போன் செய்தாள்.

"கலர மட்டும் மாத்தாதண்ணா. அவரு தேடினு வந்தா அடையாளம் தெரியணும்."

அவனுக்கு அடையாளம் தெரியக்கூடாது, இவளுக்குத் தெரிய வேண்டும். நான் அம்மன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் படகைக் கொண்டுவரச் சொன்னேன்.

எந்த வண்டியானாலும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் நான் கை வைப்பதில்லை. படகுக்கும் அப்படியே செய்தேன். கற்பூரத்தைத் தட்டில் வைத்துச் சுற்றி வந்தபோது, படகின் வயிற்றுக்குள் எங்கோ தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. நான் அதைத் தொடவே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தேடினேன். அடித்தட்டில் ஒரு மூடி இருந்தது. திறந்தால் கொஞ்சம் தண்ணீர் வந்தது. விரிசல் வழியாக எப்போதோ உள்ளே போய் மாட்டிக்கொண்ட தண்ணீர். ஏரிக்காற்று வீசுகிற எங்கள் தெருவில் அன்று முழுக்கக் கடல் வாடை அடித்தது.

பைபர் படகுக்கு வெளியே ஒரு நிறத்தோல் உண்டு. ஜெல்கோட் என்போம். அது பெயிண்ட் இல்லை, படகோடு சேர்ந்து வார்த்தது. வெயில் பட்டுப் பட்டு அதன் மேல்பக்கம் செத்துப் போகும். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி தூள் வரும். அந்தச் செத்த தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் உயிருள்ள நிறம் இருக்கும். பழைய படகைப் புதிதாக்கும் வேலை இவ்வளவுதான்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் பட்ட இடமெல்லாம் படகு பளிச்சென்று நீலமானது, மச்சான் வாங்கிக் கொண்டுவந்த அன்றைய நீலம். மனதுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் ஈரம் இருக்கும் வரைக்கும்தான் அது. உச்சி வெயில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கத்திலிருந்து நீலம் வடிந்து, சாம்பல் நிறம் ஏறிக்கொண்டே பின்பக்கம் வந்தது. முகத்திலிருந்து இரத்தம் இறங்குமே, அதுபோல. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை.

எல்லாம் சாம்பலான பிறகும் ஓர் இடம் மட்டும் நீலமாகவே நின்றது. வலதுபக்கம், பின்னால், மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. ஈரம் காயவில்லையோ என்று துணியால் ஒற்றினேன். காய்ந்துதான் இருந்தது.

உள்ளங்கை ஒன்று. ஐந்து விரல்கள். பெரிய ஆண்பிள்ளைக் கை. விரல்கள் மேலே பார்த்து இருந்தன.

படகுக்குள் இருக்கிறவன் வெளியே கையை வைத்தால் விரல்கள் கீழே பார்க்கும். மேலே பார்த்தால், தண்ணீரில் இருப்பவன் வைத்த கை. "தாயே, இத அவ பாக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே, வண்டிக்கு ஒட்டுகிற பேப்பரையும் டேப்பையும் எடுத்து அந்தக் கையை மூடினேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கையும் அவள் கொழுந்தனும் வந்தார்கள். வந்ததும் அவள் கண் பேப்பரில்தான் விழுந்தது.

"இது இன்னாண்ணா?"

"கீறல். அப்புறம் பார்க்கணும்."

"உனுக்குச் சின்ன வயசுலயே பொய் சொல்ல வராது." டேப்பை உரித்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தாள். அவள் கை அதற்குள் முழுசாக அடங்கியது.

"தள்ற எடம்ணா இது. தெனம் எஞ்சினுக்கு ஆயில் ஊத்திட்டு, அந்தக் கையோட இங்கதான் வெச்சி அலையில தள்ளுவாரு. வேற எங்கயும் வெக்க மாட்டாரு. கைய தொடைன்னு எத்தினி தபா கத்திக்கீறேன்."

எனக்கு மூச்சு வந்தது. எத்தனையோ வருஷம் தினமும் எண்ணெய் பட்ட இடத்தை வெயில் தின்ன முடியவில்லை. இதுதான் விஷயம். ஆனால் கொழுந்தன் கிட்டே வரவில்லை. மனையின் வாசலிலேயே நின்றான்.

"தள்ற கை இல்ல அண்ணி அது. புடிச்சினு கீற கை."

"வாய மூட்றா. அந்தக் கைதான் உன்ன வளத்துச்சு."

"அதான் பயமா கீது. அண்ணன் இன்னும் வுடல. அந்தக் கை கீற வரிக்கும் நான் ஏற மாட்டேன் அண்ணி. நானும் ஏற மாட்டேன், எவனும் ஏற மாட்டான்."

தங்கை கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அழிச்சிடுண்ணா" என்றாள், ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு.

தண்ணீரை ஊற்றி வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் படகு முழுக்கத் தேய்க்க ஆரம்பித்தேன். செத்த தோல் பால்போலக் கரைந்து வழிந்தது. அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வியாழக்கிழமை அதற்கு வந்தேன். எங்கள் அப்பா இறந்தபோது நான்தான் குளிப்பாட்டினேன். அன்றைக்கு எவ்வளவு மெதுவாகத் தேய்த்தேனோ அவ்வளவு மெதுவாகத் தேய்த்தேன். நீலத் தண்ணீர் என் கால்மேல் ஓடியது. காய விட்டுப் பார்த்தேன். மறுபடி நனைத்துக் காய விட்டுப் பார்த்தேன். எங்கும் ஒரே நீலம். கை இல்லை.

அன்று சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்:

"ஏங்க, ஒரு உசுரு போன படகு. பாலீஷ் போடறதுக்கு முன்னாடி மஞ்சத் தண்ணி தெளிக்க வேண்டாமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கார் என்றால் மெழுகுவரை போட்டு முடித்த பிறகுதான் மஞ்சள் குங்குமம் வைக்க விடுவேன். தேய்த்துவிட்டு மெழுகு போடாத பரப்பு, தோல் உரிந்த உடம்பு மாதிரி. எதைப் போட்டாலும் குடித்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அம்மனுக்கு என்று ஒரு காரியம் செய்யும்போது கறை படியுமே என்று யார் யோசிப்பார்கள்? எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளிடம் விட்டுவிட்டு, பாலீஷ் மெஷினுக்குக் கம்பளி பேடு வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். திரும்பி வரும்போது உச்சி வேளை. என் மனைவி கடை வாசலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் வேப்பிலைக் கொத்தும் காலிக் குடமும் கிடந்தன.

"அங்க போகாதீங்க" என்றாள்.

"என்ன ஆச்சு?"

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க. குடம் குடமா மஞ்சத் தண்ணி ஊத்தி, வேப்பிலையால நல்லா தொடச்சு விட்டேன். காஞ்சுது. வந்துருச்சு."

படகு பச்சையாக இருந்தது. நீலத்தின்மேல் மஞ்சள் ஊறி, ரொம்ப நாள் கடலுக்கு அடியில் கிடந்து பாசி பிடித்த பொருள்போல ஒரு பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, அதே இடத்தில், மஞ்சள் ஒட்டாமல் நீலமாக நின்றது கை. முன்னைவிடத் தெளிவாக இருந்தது. விரல்களின் இடுக்குகூடத் தெரிந்தது.

எண்ணெய் ஊறிய இடம் மஞ்சளை உறிஞ்சவில்லை, நான் தேய்த்தது அவ்வளவு ஆழம் போகவில்லை. அன்றைக்கே இது புத்திக்குப் புரிந்தது. புரிந்து என்ன? நான் அழித்துவிட்டேன் என்று நினைத்தவர், நான் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பி வந்து அங்கேயே கை வைத்திருந்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

மெஷின் தயாராக இருந்தது, கரண்ட்டும் இருந்தது. தேய்க்கக் கை வரவில்லை. தார்ப்பாயைப் போட்டுப் படகை முழுசாக மூடி, கயிறு கட்டிவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை கடைக்குள்ளேயே இருந்தேன். வெயில் ஏற ஏறத் தார்ப்பாய்க்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. சூட்டில் பைபர் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும். எத்தனையோ பம்பரில் கேட்ட சத்தம்தான். ஆனாலும் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் வந்தார்கள். படகைப் பார்த்து, சம்மதம் என்றால் மற்ற ஆட்களிடம் சொல்வதாக ஏற்பாடு. கட்டியிருந்த தார்ப்பாயைக் கண்டதும் கொழுந்தன் முகம் மாறியது.

"மச்சான், இன்னா மூடி வெச்சிக்கீற?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கை கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். தார்ப்பாய் சரிந்து விழுந்தது. கொழுந்தன் "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டான். அங்கிருந்தே கத்தினான்:

"நான் சொன்னேன்ல! வேற ஆளப் பாத்துக்கோ அண்ணி!"

போச்சு என்று நினைத்தேன். என் மனைவி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் தப்பும்மா. மஞ்சத் தண்ணி ஊத்தினது நான்தான்."

தங்கை அழவில்லை. பச்சைப் படகை முன்னிருந்து பின்வரை பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"மூடி வெச்சது யாரு?"

"நான்தான்."

"மூடி வெச்சா எப்டிண்ணா போவாரு?" அவள் குரலில் கோபம் இல்லை. "பொடவையில மஞ்சக் கறை பட்டா இன்னா பண்ணுவோம் அண்ணி? வெய்யில்ல போட மாட்டோம்? அதுவே எடுத்துடும். வெய்யில்ல வுடு. யாரும் கைய வெக்காதீங்க."

சொல்லி முடித்ததும் சட்டென்று நின்றாள். அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

கடையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போய் அந்தக் கைக்கு எதிரில் போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. மோர் மட்டும் குடித்தாள். எதிர்வீட்டு சார் அந்த வழியாகப் போனார்.

"என்னம்மா, போட்டுக்குக் காவலா? யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க!"

"ஆளு கெளம்புற வரிக்கும் சார்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மஞ்சளை வெயில் தின்னும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கை கண்ணெதிரே போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. கை அப்படியேதான் இருந்தது, சுற்றியிருந்த பச்சைதான் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் விரல்நுனிகள் போயின. சாயங்காலம் மணிக்கட்டுப் பக்கம் கரைந்தது. அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் காலையில் மறுபடி அதே ஸ்டூல். சில நேரம் அவள் உதடு அசைந்தது. என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு.

கட்டைவிரல் கடைசிவரை நின்றது. வெயில் சாய்கிற நேரம் போய்ப் பார்த்தேன். படகு முழுக்க ஒரே நீலம். அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"போய்ட்டாருண்ணா" என்றாள். பிறகு போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். "டேய், உங்க அண்ணனுக்குக் காரியத்துக்கு நாள் பாரு. வந்து போட்ட பாரு. ஒண்ணியும் இல்ல. நான் இங்கயே குந்தினு பாத்தேன்."

காரியம் நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நான் பாலீஷ் பசை போட்டு மெஷினால் தேய்த்தேன். மெழுகும் இரண்டு முறை போட்டேன். எதிர்வீட்டு சார் படகில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொள்கிற அளவுக்குப் பளபளப்பு. கொழுந்தன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நீலம் அதே நீலம்தான், ஆனாலும் கலரைப் பற்றிக் கேட்கவே இல்லை. வலதுபக்கம், பின்னால், விளிம்புக்குக் கீழே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய விடியலில் நானும் குப்பத்துக்குப் போயிருந்தேன். கங்கையம்மனுக்குக் கற்பூரம் காட்டினோம். ஆட்கள் படகைத் தண்ணீருக்கு இழுத்தார்கள். முதல் அலை மேலே விழுந்ததும் படகு நனைந்து இன்னும் நீலமானது. தள்ளுகிற நேரம் கொழுந்தன் வலதுபக்கம் பின்னால் போய் நின்றான். தள்ளுவதற்கு அதுதான் தோதான இடம். அவன் கை நேராக அங்கேதான் போனது. தொடுவதற்கு முன் நின்றது. பிறகு ஒரு சாண் முன்னால் தள்ளிக் கையை வைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினான். கனமான படகு சறுக்கிக்கொண்டு அலைமேல் ஏறிவிட்டது. மற்ற பையன்களோடு அவனும் தாவி உள்ளே விழுந்தான்.

எனக்கு அருகில் தங்கை நின்றிருந்தாள். நெற்றியில் விபூதி மட்டும்.

"பாத்தியாண்ணா? எடம் வுட்டு வெச்சான்."

எஞ்சின் சத்தம் கிளம்பி, படகு சின்னதாகி, கண்ணுக்கு மறைகிற வரை இருவரும் அங்கேயே நின்றோம். அவன் மதியம் திரும்பி வந்தான், வலை நிறைய மீனோடு. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கிப் போய், படகுக்குள் எட்டிப் பார்த்து, அவனைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மீனைப் பார்த்தாள்.